மாமனாருக்கு நான் கொடுத்த ஓய்வு

என் மாமனார் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடிகளைக் கொளுத்தி, சத்தத்தைக் கேட்டே தரம் சொல்லும் வேலை பார்த்தவர். 1960-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். எனக்கு அப்போது கைக்குழந்தை. எஸ்.எஸ்.எல்.சி. படித்த மருமகள் மாமனாரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம்.

வயதானவர்களுக்கு அமைதியே மருந்து என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். அந்த மருந்தை வேளை தவறாமல் கொடுத்தேன். சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். கம்பெனியிலிருந்து யாராவது வந்தால், "மாமா ஓய்வா இருக்காக, தொந்தரவு பண்ணாதீக" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். தெருவே என்னைப் புகழ்ந்தது.

இத்தனை கவனிப்பில் மாமா மூன்றே மாதத்தில் பாதியாகிவிட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பேச்சும் நின்றுபோனது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். நான் கொடுத்த அமைதி போதவில்லையோ என்ற சந்தேகத்தில் குழந்தையின் கிலுகிலுப்பையை ஒளித்து வைத்தேன்.

தீபாவளி சீசனில் ஒருநாள் காலை கம்பெனி மேஸ்திரி வந்து நின்றார்.

"தாயி, லோடு கிளம்பணும். புதுச் சரம் சரிங்கான் ஒருத்தன், சரியில்லைங்கான் இன்னொருத்தன். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "எம்புட்டுக் கொண்டாந்திருக்க?"

தெருவில் சரம் வெடித்தது. மாமாவின் நெஞ்சு தாங்குமோ என்று நான் நடுங்கினேன். அவரோ கண்ணை மூடிக் கேட்டார்.

"என்னலே இது, கிழவன் இருமுனாப்புல இருக்கு? மருந்து நமுத்துருக்கு. எல்லாரும் காதைக் களத்தி வச்சிட்டீகளா?"

"கேக்க வந்தா, உங்க வீட்டுல காவல் பலமால்ல இருக்கு, அண்ணாச்சி!"

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் முதல் காலை வேளையில் கம்பெனிக்குப் போய்வரத் தொடங்கினார். அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா என் காதுபடச் சொன்னாள்: "பாவம், இந்த வயசுல மனுசனை வேலைக்குல்ல வெரட்டுதா இவ!"

பதில் சொல்லத்தான் நினைத்தேன். நேரமில்லை. உள்ளே மாமா, குழம்பில் புளி கூடிப்போனதாகச் சத்தம் போட்டுக்கொண்டே, மூன்றாம் முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தார்.