மேவிஸும் கோழிப் பெட்டியும்

மேவிஸ் ஹெப்வொர்த்துக்கு அருவருப்புதான் உத்தியோகம். யார்க்‌ஷயரில் எங்கள் ஊர் நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். உணவகங்களின் அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்து எலிப்புழுக்கை தேடுவாள். ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டில் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை, அதனால்தான் எங்கள் பட்டறைக்கு வந்தாள் என்று கேலி செய்வோம். நூறு வயதான ரயில் பெட்டிகளைச் சம்பளம் இல்லாமல் செப்பனிட்டு, ஞாயிறுதோறும் ஆறு மைல் ஓட்டிப் பார்க்கிற கிறுக்குக் கூட்டம் நாங்கள்.

வந்த முதல் நாளே டீ அறையில் ஒரு கோப்பையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"சீ! இதுலயா குடிக்கிறீங்க? நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அது அழுக்கு இல்ல மேவிஸ், ருசி" என்றான் லயனல். பட்டறைக்குத் தலைவன் அவன்தான். "பத்து வருஷமா ஏத்தி வச்ச ருசி."

அவள் அந்தக் கோப்பையை நேரே குப்பைத்தொட்டியில் போட்டாள்.

பதினான்காம் எண் பெட்டி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. 1911இல் கட்டியது. பிற்பாடு ஒரு பண்ணைக்காரர் அதை வயலில் நிறுத்தி நாற்பது வருஷம் கோழி வளர்த்திருக்கிறார். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. தரையில் முழங்கால் உயரத்துக்குக் கோழி எச்சம், சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. இருக்கையைக் கிழித்தால் உள்ளே அடைத்திருந்த குதிரைமயிருக்குள் எலிவளை, அதற்குள் காய்ந்துபோன எலிக்குஞ்சுகள். நான் மணல் வாளியில் வாந்தி எடுத்தேன். மேவிஸ் எடுக்கவில்லை. இரண்டு குளிர்காலம் அதற்குள்ளேயே உட்கார்ந்து சுரண்டினாள். 1998 மே மாதம் எங்கள் ரயில் திருவிழாவில் பெட்டி ஓடியபோது, "என் பெட்டி" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து மீன் சாண்ட்விச் தின்றாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மரச்சட்டத்தின் மேல் பலகையை வைத்து மூடுவதற்கு முன், வேலை செய்தவர் பலகையின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும் எழுத வேண்டும். 1911இல் கட்டிய தச்சர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அடுத்து அவிழ்க்கிறவனைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படாது.

இருபத்தொரு வருஷம் ஓடியபின் சாயம் பூச அந்தப் பெட்டி மறுபடி பட்டறைக்கு வந்தது. சனிக்கிழமை திருவிழா. புதன்கிழமை காலை மேவிஸ் ஒரு கதவுக்காலின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினாள். பிடிவரை உள்ளே போய்விட்டது. இழுத்ததும் கறுப்பாகச் சேறு போல மரம் வழிந்தது, கூடவே மரப்பேன்கள். நனைந்த நாயின் நாற்றம். மேலே கார்களுக்குப் பூசுகிற பட்டியை அப்பி, தேய்த்து, சாயம் அடித்து, அழகாக மூடியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை.

"இதுலதான் கதவோட கீல் நிக்குது" என்றாள். "ஒரு கொழந்த சாஞ்சா கதவோட போயிடும். எந்தப் பன்னி பாத்த வேல இது?"

"வில்ஃபாத்தான் இருக்கும்" என்றான் லயனல்.

எங்களோடு வேலை செய்த வில்ஃப் செத்து ஒன்பது வருஷம். பட்டறையில் எது கோணலாக இருந்தாலும் அவன் தலையில்தான் போடுவோம். செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டானே.

"இப்ப இன்னும் கொஞ்சம் பட்டிய வச்சு மூடு மேவிஸ். டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்."

மரத்தைப் பார்த்து வந்த குமட்டலைவிட அவனைப் பார்த்து வந்த குமட்டல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அது வேறு ஒரு அசிங்கம்.

"இது ஓடாது" என்றாள் மேவிஸ். "பலகையக் கழட்டுறேன். யார் பேரு இருக்கோ, அந்தப் பலகைய டீ ரூம்ல, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல மாட்டுவேன். உசுரோட இருந்தா இந்தப் பட்டறையில இனி தூரிகையத் தொடக் கூடாது."

திருகாணிகளை நானே கழற்றிக் கொடுத்தேன். பலகையைத் திருப்பினாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டாரல. நீயே படி, நாரிஸ்."

கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. படித்தேன்.

"எம். ஹெப்வொர்த். 8 மே 1998."

லயனல் சிரித்தே விட்டான். அவனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "அவ்வளவுதானே? நாம மூணு பேருக்குத்தான் தெரியும். உப்புத்தாள் இருக்கு, தேச்சுடு. மூடிடலாம்."

"அன்னிக்கும் இப்படித்தான், திருவிழாவுக்கு மொத நாள்" என்றாள் மேவிஸ், யாரிடமும் இல்லாமல். "ஒரு சீசனுக்குத்தான்னு சொல்லிக்கிட்டேன். ஊர்ல எத்தன சமையக்காரன் இதையே எங்கிட்ட சொல்லியிருக்கான். 'அடுத்த வாரம் கழுவிடுறேம்மா'ன்னு. அவங்க மூஞ்சியப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கும்."

உப்புத்தாள் அவள் கையில் இருந்தது. அந்தக் கையை, எச்சில் தட்டில் ஊர்கிற புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தாளைக் கீழே போட்டாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ அறைக்குப் போய்ச் சுத்தியல் கேட்டாள். தொட்டிக்கு மேலே, பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, இரண்டு ஆணி அடித்து மாட்டினாள். அப்புறம் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. நான்தான் குழாயை மூடினேன்.

சனிக்கிழமை மழை. பதினான்காம் பெட்டி ஓடவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் மற்றப் பெட்டிகளில் நெருக்கியடித்து நின்றுகொண்டு எங்களைத் திட்டினார்கள். லயனல் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளும் சொன்ன சொல் மாறவில்லை, தூரிகையைத் தொடவில்லை. கோடை முழுவதும் எங்கள் கோப்பைகளைக் கழுவினாள், தன் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு.

அக்டோபரில் நானும் இன்னொருவரும் அழுகிய கதவுக்காலை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஓக் மரம் பொருத்தினோம். தூரிகையைத்தான் தொடமாட்டேன் என்றாளே தவிர உளியைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து என் கையிலிருந்த உளியைப் பிடுங்கிக்கொண்டு மர இணைப்பைச் செதுக்கி முடித்தாள். மூடுவதற்கு முன் புதுப் பலகையில் பென்சிலால் எழுதியதை எனக்குக் காட்டினாள்.

"எம். ஹெப்வொர்த். இந்தத் தடவை மரம்தான்."