அலைக்கு முதுகு காட்டியவள்

ரேணிகுண்டாவில் ஒரு டிவி கம்பெனியின் குடோனில் கேசியா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். வாரத்தில் ஆறு நாள் அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டியவள், கூடூருக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, வாகாடு பக்கத்துக் கடலுக்குப் போகிறாள். எதற்கு? பலகை மேல் நின்று அலையில் சறுக்க. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று சபையில் கேட்காத ஆள் இல்லை. "வெயில்ல கறுத்துப் பூட்டா எவன் கட்டுவான்?" என்று ஓர் அத்தை ஆரம்பித்தார். "கண்ணு தெரிஞ்சவன் கட்டுவான்" என்றாள் இவள்.

அம்மா லோயிஸ் மட்டும் தடுக்கவில்லை. ஆனால் வாசலில் மகள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவாள். ஆமென் சொன்னபின் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பரீட்சைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த வீட்டில் இதே வழக்கம்தான். "திரும்பினா உப்பாப் பூடுவே" என்று, பைபிளில் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன பெண்ணின் கதையைச் சொல்லி, சின்ன வயதிலேயே மிரட்டி வைத்திருந்தாள். ஜெபம் பண்ணிப் புறப்பட்டால் பின்னால் பார்க்கக் கூடாது என்பது கேசியாவுக்கு எலும்பில் ஊறிப்போயிருந்தது. பலகையில் ஏறி நின்றாலும் கண் கரையை விட்டு நகராது.

கரையில் சொல்லிக்கொடுப்பவன் சிட்டிபாபு, மீன்பிடிக் குடும்பத்து ஆள். அங்கே அலை உடைந்து, கரையைப் பார்த்தால் வலது பக்கமாக ஓடும். பலகையில் பக்கவாட்டாகத்தான் நிற்க வேண்டும். இடதுகாலை முன்னால் வைத்து நிற்பவர்களுக்கு அலை முகத்துக்கு நேரே இருக்கும், சுகமாகப் போய்விடுவார்கள். கேசியாவுக்கு இயல்பாக முன்னால் வருவது வலதுகால். அதனால் அலை அவள் முதுகுப் பக்கம் எழும்பும். எழுந்து நின்ற சூட்டோடு பலகை நேரே கரையைப் பார்த்து ஓடும், பின்னாலிருந்து நுரை வந்து அவளை வாரி மணலில் தேய்க்கும். ஆடி மாதம் முழுக்க இதே கூத்துதான்.

"எடம காலு முந்தர பெட்டு, அம்மாயி. எடதுகால முன்னால மாத்திக்கினா எல்லாம் சரியாப் பூடும்" என்றான் சிட்டிபாபு.

"மாட்டேண்ணா. இது என் காலு. அலைக்காக நான் வேற ஆளா மாறணுமா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. சென்னைப் போட்டிக்கு ஒரு பொண்ணத்தான் இட்டுக்கினு போவ முடியும். வர்ற ஞாயித்துக்கெழம ஒரே ஒரு அலைய கரை வரைக்கும் ஓட்டிக் காட்டு. இல்லன்னா ரூபா போவட்டும்."

ரூபா இவளுக்குப் பிறகு வந்து சேர்ந்தவள், இடதுகால்காரி. கேசியாவுக்கு வயிறு எரிந்தது. ரூபா நல்ல பெண் என்பதால் இன்னும் கூடுதலாக எரிந்தது.

அந்த வாரம் குடோனில் அட்டைப்பெட்டிகள் தலைக்கு மேல் ஏறி நின்றன. சரக்கு முன்னால் மறைத்தால் வண்டியை ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். இடதுகை ஸ்டியரிங்கில், வலதுகை பின்கம்பியில், கண் வலது தோளுக்கு மேலே. அப்படியே போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று பிரேக் அடித்தாள். இதே தோள், இதே பக்கம்! இங்கே பின்னால் பார்க்காமல் ஓட்டினால் சூப்பர்வைசர் முரளிதரன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கடலில் மட்டும், முதுகுக்குப் பின்னால் ஆளுயரத் தண்ணீர் வரும்போது, கரையை முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மா மேலும் வந்தது.

"உப்பானா ஆவட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"இன்னா உப்பு?" என்றார் முரளிதரன்.

"ஒண்ணுமில்ல சார்" என்று வண்டியைக் கிளப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரூபா முதலில் போய் அழகாக ஓட்டிவிட்டு வந்தாள். அடுத்து கேசியா. அலை தூக்கியதும் வலதுகாலை முன்னால் ஊன்றி எழுந்தாள், முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள், வலது தோளைத் திறந்து தலையைத் திருப்பினாள். இவ்வளவு நாளும் தன்னை அடித்துப்போட்டதை அன்றுதான் அவள் கண்ணால் பார்த்தாள். பச்சைச் சுவர் ஒன்று எழும்பி, அவளுக்கு முன்னால் வழவழவென்று பாதை போட்டுக்கொண்டே போனது. பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. குதிகாலை அழுத்தினாள். பலகை அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவள் பார்த்த பக்கமே போயிற்று. முழங்கால் தண்ணீர் வரும்வரை அவள் இறங்கவில்லை.

சிட்டிபாபு தலையைச் சொறிந்தான். "அதே காலா?"

"அதே காலுதாண்ணா. நல்லாப் பாத்துக்கோ."

"சரி தல்லி, நீயே வாம்மா" என்றான். ரூபாதான் முதலில் கைதட்டினாள்.

சென்னைக்குப் புறப்பட்ட அன்று லோயிஸ் வழக்கம்போல ஜெபம் பண்ணி ஆமென் சொன்னாள். கேசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, நாலு வீடு தள்ளிப் போய், திரும்பிப் பார்த்தாள்.

லோயிஸ் இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"திரும்பாதேன்னு சொன்னேன் இல்ல!" என்று கத்தினாள்.

"ஏம்மா அழுவுறே?"

"பரீட்சையோ கடலோ, நீ பொறப்படற ஒவ்வொரு தடவையும் அழுதுகினுதாண்டி நிக்கிறேன். அத நீ பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

கேசியா தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள்: "நான் உப்பாப் பூட்டனா? நல்லாப் பாத்துச் சொல்லு!"

லோயிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இல்லடி. போய் ஜெயிச்சிக்கினு வா."

பஸ் வர நேரமாகிவிட்டது. ஆனாலும் தெருமுனை வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, பின்பக்கமாகவே நடந்து போனாள் கேசியா.