கிருஷாந்தியின் பாறைக்கு நடந்த பூசை

தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை கிருஷாந்திக்கு. பாறை முழுக்க மஞ்சள். உச்சியிலிருந்து பால் வழிந்து காய்ந்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். அடியில் வாழைப்பழத்தில் குத்தி வைத்த ஊதுவத்தி வேறு புகைந்துகொண்டிருந்தது.

"யாரும்மா செஞ்சது இத?"

"நாந்தான்" என்றாள் அம்மா வேலாயி. முகத்தில் அப்படியொரு பெருமை. "லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் சேந்துதான் செஞ்சோம். இன்னிக்கி ஒன் கூட்டாளிங்க வர்றாங்கல்ல?"

வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதுதானே வயிற்றெரிச்சல்! நுவரெலியாவில் இளம் ஆய்வாளர்களுக்கான வானுயிரியல் சந்திப்பு நடந்துகொண்டிருந்தது. வேறு கோள்களில் உயிர் இருக்குமா என்று தேடுகிற படிப்பு அது. மண் இல்லாத, நிழல் இல்லாத மொட்டைப் பாறைக்குள்ளேயே சில நுண்ணுயிர்கள் பிழைத்துக் கிடக்கின்றன. அவை எப்படிப் பிழைக்கின்றன என்று தெரிந்தால் செவ்வாயில் எதைத் தேடுவது என்று தெரியும். கிருஷாந்தியின் ஆய்வு இதுதான். பல்கலைக்கழகத்தில் அவளுடைய தற்காலிக வேலை வருடக் கடைசியோடு முடிகிறது. சந்திப்பில் யாருடைய கள ஆய்வு முதலாவதாக வருகிறதோ, அவருக்கு ஜப்பானில் மேற்படிப்புக்கு ஓரிடம். இதை விட்டால் கொழும்பில் ஏதாவது கடையில் பில் போட வேண்டியதுதான்.

டயகமவில் தான் பிறந்த தோட்டத்திலேயே, தேயிலைக்கு மேலே முகட்டில் இந்தப் பாறையைப் பிடித்திருந்தாள். ஒரு வருடம் மனிதக் கை படக்கூடாது, மருந்து படக்கூடாது. புல்லுக்கு மருந்தடிக்கிறவர்கள் விலகிப் போகட்டும் என்று ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டினாள். "யாரும் கிட்டப் போகக்கூடாது, சொல்லி வையுங்க" என்று கங்காணி சிவசாமியிடம் கண்டிப்பாகச் சொன்னாள். ஏன் என்று அவரிடமோ அம்மாவிடமோ சொல்லவில்லை. மாதாமாதம் வந்தாள். வெளி அழுக்கு ஒட்டாமலிருக்கச் செருப்பைக் கழற்றினாள். மூச்சுக்காற்று படாமலிருக்க வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள். குனிந்து, பேசாமல், நெடுநேரம் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிர்காமத்து முருகனிடம் வருடம் தவறாமல் போகிற சனம் இது. அங்கே வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறவர்களை எத்தனை தரம் பார்த்திருக்கிறது! வெறுங்காலோடு, வாயைக் கட்டி, சிவப்புத் துணிக்கு முன்னால் குனிகிற படித்த பெண்ணைப் பார்த்து வேறு என்னதான் நினைக்கும்?

"எல்லாம் போச்சும்மா. நாசமாப் போச்சு! பாலுல கிருமி, மஞ்சள்ல கிருமி, ஒங்க கையெல்லாம் கிருமி. இனிமே இதுல எது எம் பாறையோடதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"சாமியப் போயி கிருமிங்கிற. கன்னத்துல போட்டுக்கடி."

வான் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அவளுடைய விரிவுரையாளர் நடராசா. பாறையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால பாறையிலயிருந்து புது மாதிரித் துண்டு எடுத்துக் காட்டவேணுமெல்லோ?" குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அங்கால நிக்கிற பாறையைக் காட்டி, அதுதான் எண்டு சொல்லும். ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தப் பாறைக்கு வருடம் முழுக்க மருந்தடித்திருந்தார்கள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிருஷாந்தியிடம் அது துளியும் மிச்சமில்லை. "ஏலாது சேர்" என்றாள்.

இதற்குள் வேலாயி, அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பதென்று முடிவுசெய்ய வந்திருந்த ஜப்பானியப் பேராசிரியையின் நெற்றியில் பொட்டு வைத்து, கையில் வாழையிலையும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்துவிட்டாள். அம்மையார் சிரித்துக்கொண்டே வாங்கினார். இளம் ஆய்வாளர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஐயோ, எடுக்கட்டும், நன்றாக எடுக்கட்டும்! கிருஷாந்தி ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பாறை கெட்டுவிட்டது, இனி இதில் எடுப்பது எதுவும் செல்லாது, இதைச் செய்தது என் அம்மா. பேராசிரியை பொங்கலைத் தின்று முடித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். வருத்தப்பட்டார். இந்த வருடம் முடியாது என்றார். வான் திரும்பிப் போனது.

"அந்தம்மா கையப் புடிச்சாங்களே. எடம் குடுத்துட்டாங்களா?" வேலாயி ஓடி வந்தாள்.

"இல்ல."

"பொங்கலு ஆறிப் போயிருந்துச்சோ?"

"பொங்கல் நல்லாத்தாம்மா இருந்துச்சு! இந்தக் கல்லுதான் எனக்குப் பரீட்சை. இதத் தொடாம வச்சிருந்தாத்தான் எனக்கு எடம். நீ பாலூத்திக் கழுவிட்ட."

வேலாயியின் கையிலிருந்த தட்டு சரிந்தது. பொங்கல் புல்லில் கொட்டியதைக்கூட அவள் பார்க்கவில்லை. பாறையின் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏஞ்சாமி, ஒரு வருசமா எங்களப் பாத்துக்கிட்டுத்தான இருந்த. வாய்விட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க தொட்டிருப்பமா?"

கிருஷாந்தி குனிந்து சிந்திய பொங்கலை அள்ளத் தொடங்கினாள். அவளால் அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.