அண்ணன் வீட்டுக் குளியலறை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் மெலிவு, பேச்சு குத்தும். மெஷினில் இருந்து வரும் போர்வைகளைத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்தபின் அப்பா விட்டுப்போன பழைய ஓட்டு வீட்டில் மகளோடு இருந்தாள். மழை பிடித்தால் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான். மகள் புத்தகப் பையைப் பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

அவளுடைய அண்ணனுக்கு அடுத்த தெருவில் மாடி வீடு. வருமானம் குறைந்தவர்கள் வீட்டைச் செப்பனிட அரசாங்கம் உதவி தருகிறது என்று செய்தி வந்ததும், உத்தமன் மாதிரி ஓடிவந்தான்.

"நீ வேலைக்குப் போறவ. ஆபீஸ் ஆபீஸா உன்னால அலைய முடியுமா? பத்திரம் இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு. நான் மூத்தவன், நானே மனு எழுதிக் கொடுக்கறேன். உன் கூரை என் பொறுப்பு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் கூடப் பிறந்தவனாயிற்றே என்று நம்பினாள். அவன் வந்து ஒழுகும் இடத்தையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ஒரு மழைக்காலம் போயிற்று. கேட்டபோதெல்லாம், "ஃபைல் மேல போயிருக்கு" என்றான்.

மேலே போனது அவன் வீட்டு மாடிக்குத்தான். அங்கே நீல டைல்ஸ் பதித்த குளியலறை ஒன்று முளைத்தது. மாமனார் கொடுத்த பணம் என்று அண்ணி சொன்னாள். மாமனார் கஞ்சத்தனத்துக்குப் பேர் போனவர். இருந்தும் ஊசி அதைத் துருவிக் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் அண்ணன் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நின்றான்.

"நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பாக்க வருவார். கூரை மாத்தியாச்சான்னு கேப்பார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"எந்தக் கூரை?"

"அதான்... கொஞ்சம் கைமாறிப்போச்சு. அடுத்த வருஷம் கட்டாயம் போட்டுத் தர்றேன். அண்ணன் மானம் உன் கையில இருக்கு."

ஊசி அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் வரவில்லை. குடத்தில் மிதக்கும் செத்த பல்லியைப் பார்த்தால் வருமே, அந்த அருவருப்புதான் வந்தது. "முதல்ல பெயிண்ட்டை அடி" என்றாள். வெயிலில் வேர்த்து வழிய முன்சுவர் முழுக்க அவன் பூசி மெழுகினான். விட்டுப்போன மூலையைக் கூட அவளே சுட்டிக்காட்டினாள்.

மறுநாள் வந்த அதிகாரி அண்ணனுக்கும் மேல். ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. தெருவில் இருந்தபடியே முன்சுவரைப் போட்டோ எடுத்தார்.

"வேலை முடிஞ்சதுன்னு இதுல ஒரு கையெழுத்து போடும்மா."

"உள்ள வந்து பாருங்க சார்."

"வெளிய பளிச்சுனு இருக்கே, போதும்."

"கூரை இங்க போடல சார். போட்ட இடத்தைக் காட்டறேன். பாத்தாத்தான் கையெழுத்து."

முணுமுணுத்துக்கொண்டே அவர் அடுத்த தெருவுக்கு அவள் பின்னால் வந்தார். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். ஈரத் தலையோடு கதவைத் திறந்த அண்ணி, யாரோ பெரிய மனிதர் வீடு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "வாங்க, மாடியைப் பாருங்க" என்று தானே கூட்டிப்போனாள். குளியலறைக் கதவைத் திறந்து, ஷவரையும் திருகிக் காட்டினாள்.

"வெந்நீரும் வரும்" என்றாள் பெருமையாக.

"இதுதான் சார் என் கூரை. இதுவும் ஒழுகுது, ஆனா வெந்நீரா ஒழுகுது" என்றாள் ஊசி.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. தெருவில் இருந்தே எடுத்த போட்டோ தன் கழுத்துக்கும் கத்தி என்று அப்போதுதான் அதிகாரிக்கு உறைத்தது. அதுவரை இல்லாத சுறுசுறுப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது.

வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அண்ணனுக்கு உத்தரவு வந்தது. பைக்கை விற்றுக் கட்டினான். வழக்கு வேண்டாம் என்றால் பழைய வீட்டில் உன் பங்கை எனக்கு எழுதிக் கொடு என்று ஊசி பிடித்த பிடியில் நின்றாள். எழுதிக் கொடுத்தான். சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவளாம். அந்த மழைக்காலமும் வாளியோடுதான் கழிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் பெயரிலேயே உதவி கிடைத்து, கூரைக்குப் புது ஓடு ஏறியது.

வேலை நடந்துகொண்டிருந்த நாளில் அண்ணன் தெருவில் வந்து, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தான்.

"எல்லாம் நான் அலைஞ்சு வாங்கிக் கொடுத்தது" என்று கொத்தனாரிடம் சொல்வது உள்ளே அவளுக்குக் கேட்டது.

மகள் கொதித்துப்போய், "அம்மா, மாமா என்ன சொல்றாருன்னு கேட்டியா?" என்றாள்.

"தெருவுல ஏதோ குரைக்குது. நீ படி" என்றாள் ஊசி.