நா தலையாட்றேன்பா

நேற்று வீடியோ காலில் தம்பி பாபுவின் மகள், பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். அவள் படூரில், நான் செங்கல்பட்டில். ஈறு வரைக்கும் தெரிந்தது. உடனே எனக்கு கோமளா அக்கா வீட்டு போனின் வாசனை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அதற்கு வாசனை உண்டு. ஊரே வாய் வைத்துப் பேசுகிற ரிசீவர் என்று அக்கா அதைச் சந்தன பவுடர் போட்டுத் துடைப்பார்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கே பி.பி. நம்பர் அதுதான். போன் வந்தால் அக்கா குரல் கொடுப்பார், ஓடுவோம். அப்பாவுக்கு நாக்பூரில் வேலை. ஞாயிறு காலையில் கூப்பிடுவார். தூரம் அதிகமாயிற்றே என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். எனக்கு ஒன்பது வயது, பெரிய அறிவாளி. நாலு வயது பாபு வாயே திறக்க மாட்டான். தலையாட்டுவான். மாமல்லபுரத்தில் பொறுக்கிய கிளிஞ்சலை ரிசீவருக்கு நேராகப் பிடித்துக் காட்டுவான். தான் பார்ப்பதை உலகமே பார்க்கிறது என்று நம்புகிற வயசு.

"எவ்ளோ பெரிய லாரிடா வோணும்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். அவரும் கத்துகிறவர்தான், எனக்கே கேட்டது. பாபு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பதில் வராததால், "சரி சரி, வாங்கியாறேன்" என்றார்.

பொங்கலுக்கு வந்தது உள்ளங்கை அளவு லாரி.

"நா காட்னனே! நீ சரின்னியே!"

இரண்டு நாள் அப்பாவோடு பேச்சில்லை. வருஷத்துக்கு ஒரு வாரம் வருகிற மனிதர், முகமே செத்துப்போயிற்று. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அங்கிருந்து அக்கா வீட்டுக்கு போன் போட்டார்.

"பாபு, எத்தினி வெரல் காட்றேன், சொல்லு?"

பாபு ரிசீவரின் ஓட்டைகளை உற்றுப் பார்த்தான். "தெரிலபா."

"எனுக்கும் அன்னிக்கி அப்டித்தான்டா."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அய்யோ பாவம்பா நீ" என்றான். அன்று சாயங்காலம் அந்தக் குட்டி லாரி அப்பாவின் தொப்பை மேல் ஏறி இறங்கியது.

அப்பா திரும்பிப் போனபின் வந்த முதல் போனில் பாபு எல்லாவற்றையும் வாயால் சொன்னான். "சாப்ட்டியாடா?" என்றதற்குக்கூட, "நா தலையாட்றேன்பா!" அம்மா ரிசீவரை வாங்கி, "உங்க புள்ளைக்கி புத்தி வந்துட்ச்சி" என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லைன் கட்டாயிட்ச்சாம்மா?"

"இல்லடி. உங்கப்பா தலையாட்றாரு."

இப்போது பூத்தும் இல்லை, அப்பாவும் இல்லை. நேற்று அந்தக் குட்டியிடம் வலித்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள், தெரிந்தது. அதை அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கென்னவோ அது ஒரு குறையாகத்தான் இருந்தது.