அகராதியின் முதல் சொல்

பிற்பகல் இரண்டு பத்து. தொண்ணூறுகளில் கோவையில் ஒரு நூற்பாலையில் நான் குடோன் கிளார்க். பழனிச்சாமி மேஸ்திரி வேகமாக வந்தார்.

“அம்மணி, ஒரு பஞ்சு பேல் உள்ளுக்குள்ளயே பொகையுதுங்க. கை வெச்சா சுடுது.”

குடோன் சுவருக்கு மறுபக்கம் ஆலையின் குழந்தைகள் காப்பகம். அங்கே ஒன்பது குழந்தைகள். அதில் ஒருத்தி என் மூன்று வயது மகள்.

மேனேஜருக்கு எதையும் ஆங்கிலத்தில் எழுதித்தான் தர வேண்டும். ‘பேல் ஸ்மோல்டரிங்’ என்று எழுதி நீட்டினேன். சரியான சொல்லைப் போட்டுவிட்டதில் எனக்குப் பெருமை வேறு.

“ஸ்மோல்டரிங்னா?” என்று கேட்டு, மேசை அகராதியைப் புரட்டினார். ‘சுவாலையின்றி மெதுவாக எரிதல்.’ அவர் விரல் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது.

“சுவாலையே இல்லையாமா. அப்பறம் எதுக்கு இந்தக் கூப்பாடு? பொதியைச் சுத்தியிருக்கற பட்டையை வெட்டிப் பிரிச்சுப் பாருங்க.”

“பிரிச்சா காத்துப் பட்டுப் புடிச்சுக்குமுங்க. அப்படியே வெளிய உருட்டிப் போட்டறமுங்க” என்றார் மேஸ்திரி.

“நூல் வாங்கறவங்க வர்ற நேரம். வாசல்ல பொகையக் காட்டச் சொல்றயா? வெட்டுய்யா.”

“தீயணைப்புக்குச் சொல்லிரலாங்க. பக்கத்துல குழந்தைக இருக்குதுங்க” என்றேன்.

“சீட்டை உட்டு எந்திரிச்சா மெமோதான், பாத்துக்க.”

எழுந்தேன். கேட் வாட்ச்மேனிடம் போன் செய்யச் சொல்லிவிட்டுக் காப்பகத்துக்கு ஓடினேன். ஆயாவும் நானும் ஒன்பது பேரையும் தூக்கியும் இழுத்தும் கேட்டுக்கு வெளியே சேர்த்தபோது, பின்னால் குடோன் கூரைக்கு மேல் தீ தெரிந்தது. பட்டையை வெட்டியிருந்தார்கள். மேஸ்திரிக்கு இரண்டு முன்னங்கைகளும் வெந்துபோயின. காப்பகத்தின் பாய்கள் கரியாகிவிட்டன. அதில் ஒன்று என் மகள் படுக்கும் பாய்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிப்போர்ட்டில் அழகான சொல் வேண்டாம். ‘தீ’ என்றே எழுதுங்கள். நான் அன்று எழுதவில்லை. அந்தக் கோபம் மேனேஜர் மேல் பாதி, என் மேல் பாதி. இன்னும் தணியவில்லை.

அன்று கடைசியாகத் தீயணைப்பு வண்டி வந்தது. தீயை அணைத்தபின் நிலைய அதிகாரி ஆபீசுக்குள் வந்தார். மேனேஜர் அகராதியைத் திறந்து அவரிடம் காட்டினார்.

“சுவாலையில்லைன்னுதானுங்களே போட்டிருக்குது?”

அதிகாரி ஈரக் கையால் அந்த வரியைத் தொட்டார்.

“கடைசிச் சொல் ‘எரிதல்’னு இருக்குதுங்க. அது வரைக்கும் படிக்க உங்களுக்கு நேரமில்லீங்களா?”