பியூலாவின் சனிக்கிழமைகள்

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் கம்பெனி. தமிழில் டைப் செய்து பக்கம் அமைக்கும் மென்பொருளைப் புறநகர் அச்சகங்களுக்கு விற்றோம். நான் கணக்கு. அச்சகத்துக்காரர்கள் திண்டாடும்போது போனில் வழி சொல்பவள் பியூலா.

கோளாறை ஒழுங்காகச் சொல்ல யாருக்கும் வராது. அதனால், "ரிசீவரைப் பிரிண்டர் பக்கத்துல வைங்க" என்பாள். சத்தத்தைக் கேட்டே சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்வாள்.

கூடுவாஞ்சேரி ஐசக் சனிக்கிழமை மதியம் தவறாமல் கூப்பிடுவார். கிறிஸ்தவ சபைகளுக்கு ஞாயிறு ஆராதனை முறைமைத் தாளை அச்சடித்துக் கொடுப்பவர். கல்யாணமாகாதவர். முதல் வருடம் "சிஸ்டர்" என்றார், பிறகு அது "மேடம்" ஆனது. அதையே பியூலா பெரிய முன்னேற்றமாக எண்ணிக்கொண்டாள். முகம் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் போனை விட்டு நகரமாட்டாள்.

"வாயைத் திறந்து பேசேன்டி" என்பேன்.

"என்னத்தக்கா பேசறது? ஃபான்ட் பத்தியா?"

போன வருடம், 2006இல், முதலாளி தயாளன் சார் கூப்பிட்டுச் சொன்னார். மாதக் கடைசியோடு கம்பெனியின் சேவை முடிகிறது. மென்பொருளின் மூல நிரலை, அதைப் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து நடத்தும் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். இனி திருத்தங்களை அவர்கள்தான் இலவசமாக வெளியிடுவார்கள். ஒவ்வொரு அச்சகத்துக் கணினியும் கம்பெனி முகவரியை விட்டுவிட்டு, குழுவின் முகவரியிலிருந்து அவற்றை எடுக்கும்படி மாற்ற வேண்டும். அந்த வேலை பியூலா தலையில் விழுந்தது.

ஒருத்தர் ராகு காலம் என்றார். இன்னொருத்தர் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டருக்குப் பூப்போட்டுவிட்டுத்தான் தொடுவேன் என்றார். எல்லாருக்கும் பொறுமையாகக் காத்திருந்து மாற்றிக் கொடுத்தாள். ஐசக்கை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கு மட்டும் அரைகுறையா சொல்லிக் குடு. வீட்டு நம்பரையும் குடு. உன்னைத் தேடித்தானே ஆகணும்?"

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் பேப்பர் இல்லாம நிப்பாருக்கா."

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, ஒவ்வொன்றாகச் சொல்லி ஐசக்கையே செய்யவைத்தாள். பிறகு செய்ததையெல்லாம் அழிக்கச் சொல்லி, தான் வழி சொல்லாமல், மறுபடி அவரையே செய்யவைத்தாள். கடைசியில் ரிசீவரைப் பிரிண்டர் பக்கம் வைக்கச் சொன்னாள். பிரிண்டர் நன்றாகவே ஓடி நின்றது. அங்கே ஏதோ ரயில் போகும் சத்தம் எனக்கே லேசாகக் கேட்டது. இவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

அவர் ஏதோ கேட்டார். "இருக்கேன் சார்" என்றாள். மறுபடி ஏதோ கேட்டார். பியூலா என்னைப் பார்த்தாள். சொல்லிடு, சொல்லிடு என்று நான் கையை ஆட்டினேன்.

"சந்தேகம் வந்தா குரூப் சைட்டுல எழுதுங்க சார். நான் அங்க இருப்பேன்" என்று வைத்துவிட்டாள். அந்த அளவுக்குத்தான் அவளுக்குத் தைரியம்.

இப்போது மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை மதியமானால் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் குழுவின் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறாள். யார் யாரோ கேட்பதற்கெல்லாம் பதில் எழுதுகிறாள். ஐசக் பெயர் இதுவரை வரவில்லை.

"உன் நினைப்பே அவருக்கு இல்லடி" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"அப்படி இல்லக்கா. சந்தேகம் வந்தாத்தானே எழுதுவார்" என்றாள்.

வராது. அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பாவி.